கூச்சமும் சார்பும்

மக்கள் வாழ்க்கையில் இடம்பெயரும் நிகழ்ச்சிகள் பல உள. பிறந்த வீட்டை விட்டுப் புக்க வீடு செல்லுதல், சொந்த ஊரை விட்டு வேற்றூரிற் பணி ஏற்றல் முதலியன அவற்றுட் சில. அவை எல்லாவற்றினும் வேறானதொரு தன்மை, பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் பல்கலைக்கழகத்தின் வாயிலை முதன்முறை மிதிக்கும் நிகழ்ச்சிக்கு உண்டு. ஏனையவற்றில் ஒருவர் இன்ன இயல்பினர் என்பது பெரும்பாலும் முன்னரே முடிந்திருக்கும். இதன்கண்ணோ அவ்வியல்பு இனித்தான் முடிவு பெறவேண்டும். பதினேழு பதினெட்டு வயதில், தாய் தந்தையரின் கண்காணிப்பு நீங்கி, முன்பின் அறியாதார் நடுவே, தாம் யாவர் என்பதனைத் தாமே தேறவேண்டிய நிலை அப்பொழுது வந்து எய்துகின்றது. ஆதலின் அம்முதலாண்டு, பின்வரும் பல்லாண்டுகளுக்கும் வித்தாக அமைகின்றது.

இந்நிலை எல்லார்க்கும் அரிதே. எனினும் இயல்பிலேயே கூச்சமுடைய மாணவர்க்கு அது பின்னும் அரிதாகும். வகுப்பில் ஆசிரியர் வினவிய வினாவிற்கு விடை அவர் நெஞ்சிலே தெளிவாக நிற்கும், நாவிலே வாராது. உண்ணும் கூடத்திற் பலரும் அளவளாவி மகிழும்பொழுது அவர் ஒரு கோடியில் அமர்ந்து விரைந்துண்டு எழுவார். விடுதியறையின் கதவைச் சாத்திக்கொண்ட பின்னரே அவர்க்கு மூச்சு இயல்பாக வரும். 1929-ஆம் ஆண்டில் தில்லைப்பதியில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மாணவர் உடனுறைந்து கற்கும் முறையில் அமைந்தது. அத்தகைய இடங்களுக்குச் சிற்றூர்களினின்றும் வந்து, அதுகாறும் தமிழிற் பயின்ற பாடங்களை ஆங்கிலத்திற் கேட்டுத் திகைத்து நின்ற முதலாண்டு மாணவர் தலைமுறை தலைமுறையாகப் பலர். இன்றும் ஆண்டுதோறும் அந்நிலையில் நிற்போர் பலர்.

இவர்க்குப் பெரியோரும் நண்பரும் வழங்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே. கூச்சத்தை விடுக, எல்லாரோடும் கலந்து பழகுக என்பது அது. நல்லெண்ணத்தாற் கூறப்படினும் அவ்வறிவுரை நிறைவுடையதன்று. கூச்சம் என்பது சட்டையைப் போலக் கழற்றி எறியத்தக்க பொருளன்று. எல்லாரோடும் கலந்து பழகுதல் எல்லார்க்கும் நன்மை தருவதுமன்று. கூச்சமாவது யாது, அஃது எதனால் நீங்கும், நீங்குமளவும் அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையஞ்சாமை என்று ஓரதிகாரமும், நாணுடைமை என்று ஓரதிகாரமும் வகுத்தார். கற்றார் அவையில் அஞ்சாது பேசுதலும் வேண்டும், பழிக்கு நாணுதலும் வேண்டும் என்பது அவ்விரண்டானும் பெறப்படும். நாணம் செயலை நோக்கி எழுவது. தகாததைச் செய்யவொட்டாது தடுப்பது. கூச்சமோ தன்னை நோக்கி எழுவது. தகுவதனையும் செய்யவொட்டாது தடுப்பது. நாணமுடையார், இது செய்யத்தக்கதா என்று வினவுவர். கூச்சமுடையார், என்னைக் குறித்து யார் யாது நினைப்பர் என்று வினவுவர். கூச்சம் பணிவு போலத் தோன்றினும் அதனடியில் 'யான்' என்னும் நினைவு முனைந்து நிற்றல் காண்க. செருக்குடையார் தம்மையே நோக்கி மகிழ்வர். கூச்சமுடையார் தம்மையே நோக்கி வருந்துவர். நோக்கப்படும் பொருள் இருவர்க்கும் ஒன்றே. யான் எனது என்னும் இரண்டனையும் நன்கு ஆராய்ந்த சைவ அன்பர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஆயினும், கூச்சமுடையாரைச் செருக்குடையார் என்று இகழ்தல் தகாது. அவர் வருத்தம் மெய்யான வருத்தமே. நோயின் முதலை அறிந்தாலன்றி மருந்து கூறல் இயலாதாகலின் இத்துணையும் கூறப்பட்டது.

இதனைத் தெளிதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டுக் காந்தியடிகளின் மாணவப் பருவமாகும். பின்னாளிற் பேரரசு ஒன்றின் முன் அஞ்சாது நின்று பேசிய அப்பெரியார், இளமையில் வாய் திறக்க இயலாத கூச்சமுடையராய் இருந்தார். 1925-ஆம் ஆண்டு முதல் 'நவஜீவன்' இதழில் வெளிவந்த 'சத்திய சோதனை' என்னும் தம் வரலாற்றில் அவர் அதனைச் சிறிதும் மறையாது எழுதியுள்ளார்.

1869-ஆம் ஆண்டு போர்பந்தரிற் பிறந்த மோகனதாசர், இராஜகோட்டிற் பயின்ற நாளிலேயே உடன்பயில்வாரோடு பேச அஞ்சியவர். மணி அடிக்கும் நேரத்திற்குப் பள்ளிக்குச் செல்வார். பள்ளி முடிந்தவுடன், எவரேனும் தம்மொடு பேசிவிடுவரோ, தம்மை எள்ளுவரோ என்று அஞ்சி, வீட்டிற்கு ஓடிவிடுவார். 1887-இல் மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். 1888-இன் தொடக்கத்திற் பவநகரத்துச் சாமள்தாஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு ஆசிரியர்கள் நல்லறிஞர் எனப் பெயர் பெற்றவர்கள். குறை அவர்பால் இல்லை. விரிவுரைகள் இவர்க்கு விளங்கவில்லை. விளங்காதவழி ஊக்கமும் பிறக்கவில்லை. முதற்பருவம் முடிந்தவுடன் வீடு திரும்பிவிட்டார். பல்கலைக்கழகக் கல்வியின் முதற்படியிலேயே கால் இடறிய இளைஞர் இவர் என்க. இக்காலத்தில் முதலாண்டிலே மனமுடைந்து ஊர் திரும்பும் மாணவரைக் கண்டு, இவர்க்கு இனி உய்வில்லை என்று கையறு நிலை எய்தும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

வீடு திரும்பியவர்க்குக் குடும்ப நண்பர் ஒருவர் பிறிதொரு வழி காட்டினார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆகலாம் என்பது அவர் கூற்று. அன்னையார் புத்லிபாய் அஞ்சினார். கடல் கடந்த இளைஞர் புலாலும் மதுவும் கொள்வர் என்று அவர் கேள்வியுற்றிருந்தார். அந்நிலையிற் சமணத் துறவியாகிய பேசர்ஜி சுவாமி என்பார் முன்னிலையில், புலால், மது, பிறமகளிர் என்னும் மூன்றனையும் தீண்டேன் என்று மோகனதாசர் நோன்பு ஏற்றார். அதன்பின்னரே அன்னையார் இசைந்தார். பம்பாயிற் சாதிச் சபையினர் கூடிக் கடற்பயணத்தைத் தடுத்தனர். அவர் இணங்காமையால் அவரைச் சாதியினின்றும் விலக்கினர். 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், வயது பத்தொன்பது நிரம்புதற்குச் சில நாட்களே இருக்கும்பொழுது, அவர் கப்பலேறினார்.

கப்பலிற் கூச்சம் அவரோடு உடன் சென்றது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை மனத்துள்ளே அமைத்துக்கொண்ட பின்னரே வாய் திறத்தல் வேண்டியிருந்தது. பிறர் கூறும் மறுமொழியோ விளங்குவதில்லை. முள்ளும் கத்தியும் கொண்டு உண்ணும் முறை தெரியாது. எவ்வுணவிற் புலால் கலவாது என்று வினவும் துணிவும் இல்லை. ஆதலின் வீட்டினின்றும் கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு பெரும்பாலும் காலம் கழித்தார். உடன் சென்ற வழக்கறிஞர் ஒருவர், வழக்காடுவார்க்கு நா வேண்டும், அயல்மொழியிற் பிழை நேர்தல் இயல்பே, அஞ்சாது பேசுக என்று பலகாலும் எடுத்துக் கூறினார். அறிவுரை நன்றே, பயன் விளையவில்லை.

செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தை அடைந்தபொழுது, பொருந்தும் என்று தாமே கருதி வெண்ணிற உடை அணிந்து இறங்கினார். அவ்வாறு உடுத்தவர் அங்கே வேறு ஒருவரும் இலர். பெட்டிகள் வேறிடத்துச் சென்றுவிட்டன, மறுநாள் ஞாயிறு, ஆதலின் மாற்றுடைக்கும் வழியில்லை. எவரும் தம்மை நோக்குதல் கூடாது என்று விரும்பும் ஒருவர்க்கு இதனினும் இடர் வேறு யாது? அன்று மாலை காணவந்த மருத்துவ நண்பர் மேத்தா என்பாரின் பட்டுத் தொப்பியை அதன் மென்மை அறியும் ஆவலால் எதிர்புறமாகத் தடவிவிட, அவர் சினந்து தடுத்து, ஐரோப்பியரிடைப் பழகும் முறைகளை எடுத்தோதினார். பிறர் பொருளைத் தொடுதல் ஆகாது, முதற்பழக்கத்திலே வினவுதல் ஆகாது, உரத்துப் பேசுதல் ஆகாது என்பன அவை. கூச்சமுடையார்க்கு உலகம் முதலிற் கற்பிப்பன ஆகாதவையே.

இரவு வந்தது. அறையிற் கண்ணீர் ஆறாகப் பெருக, அன்னையின் அன்பையும் வீட்டின் நினைவையும் எண்ணி எண்ணி உறக்கமின்றிக் கழித்த இரவுகள் பல. அத்துன்பத்தைப் பிறரிடம் கூறவும் இயலாது, கூறினும் ஆறாது. இங்கிலாந்தும் பொறுக்கவில்லை, இந்தியாவுக்குத் திரும்புதலோ எண்ணவும் தகாது. பவநகரத்தினின்றும் ஒருமுறை திரும்பியாயிற்று. இம்முறை திரும்பலாகாது, மூன்றாண்டும் இருந்தே தீரவேண்டும் என்று உறுதி கொண்டார். இவ்வுறுதி வீரமென்று பிறர் கண்ணிற்குத் தோன்றாது. விடுதியறையில் தனித்தழுத மாணவர் மறுநாட் காலை எழுந்து வகுப்பிற்குச் செல்லுதலும் அவ்வாறே. காண்பார் இல்லை, புகழ்வார் இல்லை. எனினும் கல்விக்கு அடிப்படையாய் நிற்பது அச்செயலே.

உணவின் நிலை பின்னும் இரங்கத்தக்கது. தங்கியிருந்த வீடுகளிற் காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைக்கும். அது வயிறு நிரம்பப் போதும். நண்பகலிலும் மாலையிலும் கீரையும் ரொட்டியும் பழப்பாகுமே கிடைக்கும். இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்குமேற் கேட்டல் முறையன்று என்று அவர் எண்ணினார். வீட்டுத்தலைவி மறுப்பார் என்பதன்று; கேட்க நா எழவில்லை. மற்றொரு வீட்டில் அத்தலைவியின் மகளிர் இருவர் வற்புறுத்தி ஓரிரு துண்டு மிகுதியாக வைப்பர். அத்துணை ரொட்டி முழுதும் தந்தாலும் போதாத பசி தமக்கு இருந்ததென்பதை அவர்களும் அறிந்திலர். நண்பர் ஒருவர், படிப்பறிவில்லாத அன்னையின்முன் செய்த உறுதி உறுதியாகுமா என்று வாதிட்டு, பெந்தாம் என்னும் ஆங்கில அறிஞரின் நூலையும் படித்துக் காட்டினார். வாதிற்கு மறுவாதம் கூற மோகனதாசர்க்கு இயலவில்லை. நூல் விளங்கவில்லை என்றும், புலால் உண்ணுதல் தேவையென்றே கொண்டாலும் நோன்பைக் கைவிட இயலாதென்றும் மட்டும் கூறினார்.

இவ்விடத்து ஒன்று நோக்கத்தக்கது. வாதத்தில் நிற்கமாட்டாதவர் நோன்பில் நின்றார். அறிவினாற் கொண்ட கொள்கையன்று அஃது அப்பொழுது. புலாலுணவு நாட்டிற்கு வலிமை தரும் என்னும் எண்ணமும் அவர்க்கு அந்நாளில் இருந்தது. வாய்மையின்பொருட்டும் அன்னையின்பொருட்டுமே அவர் புலாலை விலக்கினார். எனினும் அந்நோன்பு அவரை வீட்டினுள் அடைத்து வைக்கவில்லை, வெளியே நடத்திற்று. புலாலில்லா உண்டிச்சாலை எங்கேனும் உண்டோ என்று நாடி, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் இலண்டன் தெருக்களில் நடந்தார். ஒருநாள் பாரிங்டன் தெருவில் அத்தகைய சாலை ஒன்றைக் கண்டார். நாட்டைவிட்டுப் போந்தபின் வயிறார உண்டது அங்கேதான். அதன் வாயிலில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களுள், ஹென்றி சால்ட் என்பார் மரக்கறி உணவை ஆதரித்து எழுதியதொரு நூலை ஒரு ஷில்லிங்கிற்கு வாங்கிப் படித்தார். அதுமுதல் அன்னையின்பொருட்டுக் கொண்ட நோன்பு தம் கொள்கையும் ஆயிற்று.

அதன்பின் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சி இக்கட்டுரையின் கருத்திற்கு உயிர்நிலையாவது. மேற்கூறிய நண்பர் அவரை ஹோல்பர்ன் என்னும் பெரிய உண்டிச்சாலைக்கு அழைத்துச் சென்றார். அத்துணைப் பெருங்கூட்டத்தின் நடுவே, கூச்சத்தால் வாய் திறவாது எது வந்தாலும் உண்பார் என்று அந்நண்பர் கருதினார் போலும். முதலில் சூப் வந்தது. அஃது எதனாற் செய்யப்பட்டதென்று அறிய விரும்பிய மோகனதாசர், நண்பரைக் கேட்கத் துணியாது, பரிமாறுவோனை அழைத்து வினவ முற்பட்டார். நண்பர் சினந்து, நாகரிகமறியாதவர் வெளியே செல்லலாம் என்றார். அவர் மகிழ்ச்சியோடு எழுந்து வெளியே சென்றார். அண்மையிலிருந்த மரக்கறிச் சாலை மூடியிருந்தமையால் அன்றிரவு உணவின்றியே இருந்தார். எனினும் நண்பரோடு நாடகத்திற்குச் சென்று, அந்நிகழ்ச்சியைக் குறித்து ஒரு சொல்லும் கூறாது நட்பைக் காத்தார்.

தம் பசிக்காக மூன்றாவது துண்டு ரொட்டி கேட்க இயலாதவர், தம் நோன்பிற்காகப் பெருஞ்சாலை நடுவே பரிமாறுவோனை அழைத்தார். கூச்சம் அன்றும் இருந்தது; ஆயினும் அப்பொழுது அவர் நோக்கம் தம்மீது இல்லை. நோன்பின்மீது இருந்தது. தன்னை நோக்குங்கால் நா அடைபடும். தன்னினும் பெரியதொன்றை நோக்குங்கால் நா தானே திறக்கும். கூச்சத்தை நீக்கும் வழி துணிவை வருவித்துக்கொள்ளுதலன்று, நோக்கும் பொருளை மாற்றுதலே என்பது இதனால் தெற்றென விளங்கும்.

ஆயினும் இளைஞர் உடனே இதனை உணர்ந்து நேர்வழி நின்றார் என்று கொள்ளற்க. புலால் உண்ணாமையாற் பிறர்க்கு ஒவ்வாதவராய்த் தோன்றுதலை வேறு நாகரிகங்களால் ஈடுசெய்யலாம் என்று கருதிய அவர், ஆங்கிலக் கனவானாக மாறத் தொடங்கினார். பத்தொன்பது ஷில்லிங்கிற்கு உயர்ந்த தொப்பி வாங்கினார். பாண்டு தெருவிற் பத்துப் பவுன் செலவிட்டு மாலையுடை தைப்பித்தார். கைக்கடங்கும் கடிகாரத்திற்கு இரட்டைப் பொற்சங்கிலியைத் தமையனாரிடமிருந்து வருவித்தார். நாள்தோறும் நிலைக்கண்ணாடிமுன் பத்து நிமிடம் நின்று கழுத்துப்பட்டையும் தலைமயிரும் திருத்தினார். நடனம் கற்க மூன்று பவுன் கட்டினார். இசைக்குக் கால் ஒத்து வரவில்லை. இசை பழகினால் அது கைகூடும் என்று மூன்று பவுனுக்கு வயலின் வாங்கினார். சொற்பொழிவு கற்க ஓராசிரியரையும் அமர்த்தினார். ஒவ்வொன்றும் மற்றொன்றை இழுத்து வந்த முறை எண்ணுந்தோறும் நகை விளைப்பது; உடன் இரக்கமும் விளைப்பது. புதிய இடத்திற் பிறரைப்போல் ஆகிவிட்டால் தம்மை எவரும் நோக்கார் என்பதே கூச்சமுடையார் பலரும் கொள்ளும் எண்ணம். அவ்வெண்ணமோ அவரை மேலும் கண்ணாடி முன்னரே நிறுத்திவிடுகின்றது.

இம்மயக்கம் ஏறக்குறைய மூன்று திங்கள் நின்றது. வாழ்நாள் முழுதும் இங்கிலாந்தில் இருக்கப்போவதில்லை, நடனம் கனவானாக்காது, வந்தது கற்பதற்கு என்ற தெளிவு பிறந்தவுடன், ஆசிரியர்க்கு மடல் எழுதி அப்பயிற்சிகளை விடுத்தார், வயலினை வந்த விலைக்கு விற்றுவிடுமாறு வேண்டினார். அம்மயக்க நாளிலும் ஒரு காசு தவறாமற் செலவுக்கணக்கு எழுதி, இரவிற் சரிபார்த்த பின்னரே உறங்குவார். அக்கணக்கே அவர் மீண்டு வருதற்குக் கைவிளக்காயிற்று. தமையனார் பாடுபட்டு அனுப்பும் பொருள் என்று உணர்ந்து சிறிய அறைக்கு மாறினார். ஊர்திக்குச் செலவிடாது நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். அந்நடையினால் உடலும் வலிவுற்றது. பின்னர்த் தாமே அடுப்பிற் கஞ்சி காய்ச்சி, ஒருநாள் உணவுச்செலவை ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் அளவிற் சுருக்கினார். வெளிவாழ்வு எளிதானவழி உள்ளம் அமைதியுற்றது.

கல்வியின் பகுதியும் சிறிது கூறத்தக்கது. 1888 நவம்பர் 6-ஆம் நாள் 'இன்னர் டெம்பிள்' என்னும் சட்டக் கழகத்திற் சேர்ந்தார். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் சட்ட வகுப்புகளிலும் பயின்றார். சட்டக் கழகத்திற் பன்னிரண்டு பருவங்கள் நிரப்புதல் வேண்டும். பருவந்தோறும் குறித்த அளவு விருந்துகளிற் கலந்துகொள்ளுதலே அங்கு வருகைக்கு அடையாளம். நால்வர்க்கு இரண்டு புட்டி மது என்பது அவ்விருந்தின் அளவு. மோகனதாசர் மது அருந்தாமையால், அவர் பங்கும் தமக்காகும் என்று அவரைத் தம் பந்தியில் இருத்திக்கொள்ளப் பலரும் விரும்பினர்! தம்மை வேறுபடுத்தும் என்று அஞ்சிய நோன்பே அவர்க்கு அங்கே வரவேற்பையும் தந்தது. சட்டத்தேர்வு எளிதாயிருந்தமையால், அருமையுடையதொன்று கற்கவேண்டும் என்று இலண்டன் மெட்ரிக்குலேஷன் தேர்வையும் மேற்கொண்டார். முதன்முறை இலத்தீனில் தவறினார். மறுமுறை 1890-இல் வென்றார். பவநகரத்தில் ஒரு பருவத்தோடு மீண்டவர், இங்கே தவறியபின்னும் மீளவில்லை. இரண்டாமாண்டின் இறுதியில், பிரமஞான சங்கத்தைச் சார்ந்த இருவர் பகவத்கீதையைத் தம்மொடு படிக்க அழைத்தபொழுது, அதனை வடமொழியிலோ குஜராத்தியிலோ தாம் படித்ததில்லை என்பதை நாணத்தோடு உரைத்து உடன் படிக்கலானார். அறியேன் என்று உரைத்தல் கூச்சமுடையார்க்கு அரிது. அதனை உரைத்த அன்றே கல்வி தொடங்குகின்றது.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கின், முதலாண்டு மாணவரின் தேர்வு கூச்சத்திற்கும் துணிவிற்கும் இடைப்பட்டதன்று என்பது விளங்கும். எதனைச் சார்வது என்பதே தேர்வு. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படைத் துணிபுகளுள் ஒன்று. தன்னிறம் தோன்றாத பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் அதற்கு உவமையாகக் கூறப்படும். புதிய இடத்திற் புகுந்த இளைஞர் உள்ளமும் அப்பளிங்கையே ஒத்தது. கண்ணாடியும் தொப்பியும் அடுத்தபொழுது மோகனதாசர் அந்நிறம் காட்டினார். பாரிங்டன் தெருச் சாலையும் சால்ட் நூலும் அடுத்தபொழுது இந்நிறம் காட்டினார். உயிர் ஒன்றே, சார்பு வேறு.

இந்நோக்கிற் கூச்சத்தின் நன்மையும் புலப்படும். அது மாணவரை முதல்நாளே எதிர்ப்பட்டாரோடெல்லாம் கலவாமல் சிறிது காலம் நிறுத்தி வைக்கின்றது. விரைந்து கலப்பார்க்கு எளிதில் நட்புக் கிடைக்கும். ஆயின் அந்நட்பு அவர் தேர்ந்ததன்று, அவரைத் தேர்ந்தது. நின்று நோக்குவார்க்கு நட்புத் தாழ்த்துக் கிடைக்கினும் தேர்ந்து கிடைக்கும். தம் கூச்சம் தமக்குக் காப்பாக நின்றதென்றும், சொல்லைச் சுருக்கிப் பேசக் கற்பித்ததென்றும் அடிகள் பின்னாளிற் கருதியதும் இதுபற்றியே.

ஆனால் அதன் தீமையையும் மறைத்தல் கூடாது. மரக்கறியுணவாளர் கழகத்தின் செயற்குழுவில் இருந்த நாளில், கொள்கை வேறுபாடு பற்றி உறுப்பினர் ஒருவரை விலக்க முயன்றனர். அது நேர்மையன்று என்று இளைஞர்க்குத் தோன்றியது. எழுதிக் கொண்டுசென்றதைப் படிக்கவும் துணிவின்றிப் பிறரைக்கொண்டு படிப்பித்தார், அம்முயற்சி தோற்றது. 1891-இல் நாடு திரும்புமுன் நண்பர்க்கு விருந்தளித்தார்; முன்பு வெளியேறிய அதே ஹோல்பர்ன் சாலை, அன்று மரக்கறி விருந்து சமைத்தளித்தது. ஆனால் நன்றியுரை கூற எழுந்தவர் முதல் வாக்கியத்திற்கு மேல் மறந்து அமர்ந்தார். நாடு திரும்பிப் பம்பாய்ச் சிறுவழக்கு மன்றத்தில் முதல் வழக்கில் எழுந்தபொழுதும் தலைசுற்றி அமர்ந்து, வழக்கைப் பிறரிடம் ஒப்புவித்தார். கூச்சம் ஓராண்டில் நீங்கும் பொருளன்று, மூன்றாண்டிலும் நீங்கவில்லை.

அது நீங்கத் தொடங்கியது 1893-இல் தென்னாப்பிரிக்காவிலே. பிரிட்டோரியாவில் இந்தியர் படும் இழிவைக் கண்டு, அவர்களைக் கூட்டி, வாணிகத்தில் வாய்மை வேண்டும் என்பது குறித்துப் பேசினார். தம் வாழ்விலே முதற்பொதுப்பேச்சு என்று அவர் கூறுவது அதனையே. இலண்டனிற் சொற்பொழிவு கற்பித்த ஆசிரியர் தராத நாவைப் பிறர் துன்பம் தந்தது. ஹோல்பர்னில் ஒரு நோன்பிற்காகத் திறந்த வாய், ஈண்டு ஒரு மக்கட் கூட்டத்திற்காகத் திறந்தது. நோக்கம் தன்னை விட்டு அகன்ற அளவிற்குக் கூச்சம் அகன்றது என்க.

ஆதலின் முதலாண்டிற் புகும் கூச்சமுடைய மாணவர் கொள்ளத்தக்கன சில. முதலாவது, கூச்சம் உளதென்று தம்மை இகழாதிருத்தல். இரண்டாவது, வீட்டினின்றும் கொண்டுவந்த நல்லொழுக்கம் ஒன்றனையேனும் தளராது பற்றுதல். காலை நீராடி வழிபடுதலாயினும், புலால் மறுத்தலாயினும், செலவுக்கணக்கு எழுதுதலாயினும் அஃது ஒன்று போதும். எல்லாம் புதிதாய்ச் சுழலும்பொழுது நிலையாய் நிற்கும் தூண் அதுவே. மூன்றாவது, அவ்வொழுக்கத்தை ஒத்த ஓரிடத்தையும் ஓரிருவரையும் நாடித் தேடுதல். அறையினுள் இருந்து தேடின் கிடையாது, நடந்தே தேடவேண்டும். நூலகத்தின் ஒரு மூலையோ, கோயிலிற் கூடும் திருமுறைக் கூட்டமோ, ஐயம் தீர்க்கும் ஓராசிரியரோ அவர்க்குரிய பாரிங்டன் தெருவாகலாம். நான்காவது, பசித்தால் உணவு கேட்டலும், விளங்காதவழி விளங்கவில்லை என்று கூறலும் இழிவன்று என்று அறிதல். இக்காலத்துக் கைபேசி வழியே வீட்டாரோடு நாள்தோறும் பேசலாம் என்பது பெரும்பேறே. ஆயினும் அக்கைபேசியையே அறைக்கதவாக்கிக்கொண்டு உள்ளே அமர்ந்துவிடலாகாது.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் மூத்த மாணவர்க்கும் கடமை உண்டு. ஏன் பேசுவதில்லை என்று பலர்முன் வினவுதல் புண்ணிற் கோலிடுதலாகும். கேளாமலே ஒரு துண்டு ரொட்டி மிகுதியாக வைத்த அம்மகளிர் இருவரும் யாதொரு அறிவுரையும் கூறினாரல்லர். கூச்சமுடையார்க்கு உதவும் முறை அவர்பாற் கற்கத்தக்கது. பேசுக என்று ஏவுதலினும், பேசற்குரிய பணி ஒன்றை ஒப்புவித்தல் சிறந்தது. திருமுறை ஓதும் கூட்டத்தில் விளக்கேற்றவும், நோயுற்ற உடன்மாணவர்க்கு மருந்து வாங்கவும், இளையார்க்குப் பாடம் சொல்லவும் அழைக்கப்பட்ட மாணவர், தம்மை மறந்த அந்நொடியிலே பேசிவிடுவார்.

தொண்டு செய்வார்க்குத் தம்மை நோக்க நேரமில்லை. தம்மை நோக்காதார்க்குக் கூச்சமில்லை. நம் நாட்டு மாணவர் அனைவரும் நற்சார்பு எய்தி, கற்பன கற்று, பிறர்க்குப் பயன்பட்டு வாழத் திருவருள் முன்னிற்பதாக.